தண்டோரா யானையும் வாட்ஸாப் யானையும்: ஓர் ஒப்பாய்வு

ஓசூரை ஒட்டிய சானமாவுக் காட்டில் யானைக் கூட்டம் இறங்கிவிட்டது என்ற சேதி, பக்கத்து ராகிக் கொல்லைக்கு எதன் வழியாகப் போய்ச் சேருகிறது? அறிஞர் பெருமக்கள் தொடாமல் விட்ட இந்தக் கேள்வியை இக்கட்டுரை துணிந்து எடுத்துக்கொள்கிறது. ஆய்வுக்களம்: டீக்கடை பெஞ்ச். ஆய்வுக்கருவி: கண்ணாடி டம்ளர்.

ராகி கதிர் பிடிக்கும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை என்று யானைகள் வருகின்றன. மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளி செக்போஸ்டில் அவை நின்றதாகத் தகவல் இல்லை. அவற்றின் வழி மாறவில்லை. சேதியின் வழிதான் மாறிவிட்டது.

தண்டோரா யானை அன்றைய யானை. பறைச்சத்தம் எட்டும் தூரம் வரைதான் அது நடக்கும். அறிவிக்க வந்தவரை முச்சந்தியில் மறித்து, “எத்தனை உருப்படி? எந்தப் பக்கம்?” என்று தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ கேட்டுவிடலாம்.

ஆனால் அந்தப் பறையை யார் தோளில் மாட்டிவைத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். 2022 ஆகஸ்டில், அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோராவை நிறுத்திவிட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லும்படி ஆட்சியர்களுக்கு எழுதினார். பத்து வருடம் முன்னமே எழுதியிருக்கலாம்.

வாட்ஸாப் யானைக்கு ஒரு பெருமை உண்டு: ராத்திரியிலும் வேலை செய்யும். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து பைக்கை உதைப்பவருக்கு, “அண்ணா, கெலமங்கலம் ரோட்ல வராதீங்க, கூட்டம் நிக்குது” என்று வாய்ஸ் மெசேஜ் வருகிறது. அந்த நேரத்தில் எந்தப் பறை எழுந்து வரும்?

சிக்கல் வேறிடத்தில். இந்த யானைக்கு வயதே ஆவதில்லை. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம்; யார் வேண்டுமானாலும் அதை மறுபடி அவிழ்த்துவிடலாம். 2018-இல் பிள்ளை பிடிப்பவர் வதந்தி தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் உயிர்களைக் குடித்த பிறகுதான், ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸாப் இந்தியாவில் கடிவாளம் போட்டது. பறைக்கு அந்தக் கடிவாளம் தோலிலேயே இருந்தது.

களச்சான்று ஒன்று. கிருஷ்ணகிரிப் பக்கம் மா பூத்துக் கிடக்கும் மாதம். “இன்று அதிகாலை” என்ற தலைப்போடு குழுவில் ஒரு வீடியோ. பச்சை ராகிக்குள் நாலு யானை. கீழே இரண்டு கட்டைவிரல், ஒரு கும்பிடு.

டீ மாஸ்டர் போனை எட்டிப் பார்த்தார். “ராகி அறுத்து களியே தின்னு முடிச்சாச்சு. இது எந்த வருசத்து யானை?” என்றார். பிறகு கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, “எனக்கும் ஒண்ணு தட்டிவுடுப்பா, மச்சானுக்கு அனுப்பணும்.”