ஏப்ரலில் ரஜாய் வேலை

கேள்வி: டெல்லியில் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. பஞ்சு அடைத்த ரஜாய்ப் போர்வைகள் எல்லாம் பெட்டிக்குள் போயாயிற்று. என் மனைவியோ இப்போதுதான் தோழிகளைக் கூட்டிவைத்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறாள். இது எந்த ஊர் நியாயம்? (ஒரு வாசகர், கரோல் பாக்)

பதில்: வங்காளத்து நியாயம். போர்வை என்றாலே பஞ்சு மூட்டை என்று முடிவுகட்டிவிட்டீர்கள். வங்காளத்தின் காந்தாவுக்குப் பஞ்சே வேண்டாம். பழைய சேலை, வேட்டிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவார்கள். அந்தக் காலத்தில் நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். கஞ்சத்தனம் இவ்வளவு அழகாக வேறெங்கும் இருந்ததில்லை! பீகாரின் சுஜனியும் இதே குடும்பம்தான். கூலர் ஓடும் டெல்லி இரவுக்கு அந்தக் கனம் போதும்.

உங்கள் ஊரிலேயே 1999இல் தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு, வேண்டாத துணிகளைச் சுஜனியாக மாற்றுகிறது. அதை நிறுவிய அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

வீட்டில் பூனை உண்டா? விரித்த துணியின் நட்டநடுவில்தான் அது உட்காரும். உட்காரட்டும், ஊசியையும் நூலையும் மட்டும் எடுத்து வையுங்கள். பூனை விழுங்கிய நூல் குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போகும்.

தோழிகளுக்கு மோர் கொடுத்துவிட்டு, அலமாரியில் உங்கள் பட்டுக்கரை வேட்டி இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.