உங்கள் ஹார்மோன், உங்கள் பொறுப்பு

ஹார்மோனைக் குழப்பும் ரசாயனங்களிடமிருந்து தப்பிக்க வழி பிறந்துவிட்டது. சூடான உணவைப் பிளாஸ்டிக்கில் வாங்காதீர்கள். கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் குடியுங்கள். மருந்தடிக்காத காய்கறியாகப் பார்த்து வாங்குங்கள். காகிதக் கப்பில் டீ வேண்டாம். மேடைக்கு மேடை நிபுணர்கள் கையேடு நீட்டிச் சொல்கிறார்கள், ஒன்றுகூடத் தப்பில்லை. தருமபுரி மாவட்டத்தில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் இதையெல்லாம் எப்படிக் கடைப்பிடிப்பது என்ற சில்லறைச் சந்தேகம் மட்டும்தான் பாக்கி.

முதலில் தக்காளி. பாலக்கோடு, தமிழ்நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. அங்கே வரும் தக்காளி விளையும் காட்டுக்குப் போய்ப் பாருங்கள். நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மங்கிய மஞ்சள் பொடியைக் கொட்டி ஒருவர் குச்சியால் கலக்கிக்கொண்டிருப்பார். கையில் உறை கிடையாது. மூக்கை மறைத்து ஒரு துண்டு. கரையாமல் மிதக்கும் கட்டியை விரலாலேயே நசுக்கிவிடுவார். கேட்டால், “இலைக்கருகல் வந்துட்டுதுங்ணா. எம்-45 அடிக்கலைன்னா காடே போயிரும்” என்பார். உண்மைதான். காடு போனால் வாசலுக்குக் கடன்காரன் வருவான், நிபுணர் வரமாட்டார்.

எம்-45 என்று கடையில் கேட்டு வாங்கும் அந்தப் பொடி மேன்கோசெப். அது சிதைந்து உண்டாகும் பொருள் தைராய்டு சுரப்பியின் வேலையைக் கெடுப்பது. ஹார்மோனைக் குலைக்கிறது, இனப்பெருக்கத்துக்குக் கேடு என்று காரணம் காட்டி 2020 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. பாவம், ஐரோப்பியனின் தைராய்டு நோஞ்சான். பாலக்கோட்டுக்காரர் தைராய்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்தி வந்தது, எதையும் தாங்கும்.

தில்லி சும்மா இருந்ததாக யாரும் அவதூறு பேசக்கூடாது. வெளிநாடுகளில் தடையோ கட்டுப்பாடோ விதித்த பிறகும் இங்கே விற்பனையில் இருந்த 66 பூச்சிக்கொல்லிகளை ஆராய 2013-இல் அனுபம் வர்மா தலைமையில் ஒரு குழுவை அமைத்தார்கள். 2018-இல் 18 மருந்துகளுக்குத் தடை வந்தது. 2020 மே மாதம், இன்னும் 27 மருந்துகளைத் தடைசெய்யப்போவதாக வரைவாணை போட்டார்கள். மேன்கோசெப்பும் குளோர்பைரிபாஸும் அதில் இருந்தன. ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்றார்கள், கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். உடனே இன்னொரு குழு. 2023-இல் இறுதி ஆணை வந்தபோது அந்த 27 ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டது. எம்-45 தப்பித்தது. தக்காளி தின்கிறவன் எங்கே போய் ஆட்சேபணை எழுதுவான்?

மாநில அரசின் வீரம் தனி ரகம். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலத்துக்குக் கொடுத்திருப்பது தற்காலிகத் தடை போடும் அதிகாரம்தான்: 60 நாள். தற்கொலைக்குப் பயன்படுகிறது என்று குளோர்பைரிபாஸ் உட்பட ஆறு மருந்துகளைத் தமிழ்நாடு 60 நாளுக்குத் தடை செய்தது. மடக்கென்று குடித்துச் சாகக் கூடாது என்பது சட்டத்தின் கருணை. நாள்தோறும் குழம்பில் கொஞ்சம், ரசத்தில் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டால் சட்டத்துக்கு ஆட்சேபணை இல்லை.

மருந்து டப்பாவில் எச்சரிக்கை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிற முக்கோணம். எவ்வளவு உள்ளே போனால் உயிர் போகும் என்பதை வைத்துப் பிரித்த நிறங்கள் அவை. சாகாமல், சுரப்பி மட்டும் தடம் புரண்டால் அதற்கு ஐந்தாவது நிறம் கிடையாது.

அடுத்தது டீ. உள்ளே பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடைசெய்திருக்கிறது. தருமபுரி பேருந்து நிலையத்தில் ஒரு டீ சொல்லிப் பாருங்கள், தடை எவ்வளவு சூடாக ஆவி பறக்கக் கைக்கு வருகிறது என்று தெரியும். அந்தக் கப்பில் 100 மில்லி சூடான நீரை 15 நிமிடம் வைத்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் கலக்கும் என்று கரக்பூர் ஐ.ஐ.டி. 2020-இல் கண்டறிந்தது. சோதனைக்கு வந்தால் அபராதம் டீக்கடைக்காரருக்கு. லாரி லாரியாகக் கப் அடித்து அனுப்பும் ஆலை மட்டும் எந்த அதிகாரி கண்ணுக்கும் தட்டுப்படாத அளவுக்குச் சின்னது போலிருக்கிறது.

பிளாஸ்டிக்கில் இருக்கும், ஹார்மோனைக் குழப்பும் ரசாயனமான பிஸ்பீனால்-ஏயின் கதை இதைவிட ருசி. குழந்தையின் பால் புட்டியில் அது கூடாது என்று 2015-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் சொல்லிவிட்டது. நல்லது. புட்டியை விட்ட பிள்ளை அடுத்து வாய் வைப்பது கேன் தண்ணீரில். அந்த 20 லிட்டர் கேன்களில் பல பாலிகார்பனேட்; பால் புட்டியிலிருந்து துரத்தப்பட்ட அதே பிளாஸ்டிக். திறந்த டெம்போவில், சித்திரை வெயிலில் வெந்து வருகிறது. பிஸ்பீனால்-ஏ உடம்பில் சேரலாம் என்று வைத்திருந்த அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் 20,000 மடங்கு குறைத்தது. நம் குழந்தைகளுக்கோ பல் முளைத்ததும் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது.

பல் என்றதும் தருமபுரிக்கு வேறொன்று நினைவுக்கு வரும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, தலைமுறை தலைமுறையாகக் கறைபடிந்த பற்களோடு வாழ்ந்த மாவட்டம் இது. யாரும் அவர்களிடம் “நல்ல தண்ணீராகப் பார்த்து வாங்கிக் குடியுங்கள்” என்று கையேடு நீட்டி முடித்துக்கொள்ளவில்லை. ஜப்பானியக் கடன் வாங்கி, சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டார்கள். 2013-இல் காவிரி குழாயில் வந்தது. தாமதமாகத்தான் வந்தது, ஆனாலும் அரசின் வேலையை அரசு செய்தது. காரணம், கறை வெளியே தெரிந்தது. ஓட்டுக் கேட்டு வந்தவர் எதிரே ஊர் சிரித்தாலே தெரிந்தது.

ஹார்மோன் கெட்டால் பல்லில் தெரியாது. தைராய்டு மாத்திரை டப்பாவிலும், சீக்கிரமே பெரியவளாகிவிட்ட சிறுமியின் மிரட்சியிலும், கருத்தரிப்பு மையத்தில் அடகு வைத்த நகையிலும் அது கலந்திருந்தாலும் யார் நிரூபிப்பது? ஒவ்வொன்றுக்கும் நூறு காரணம் சொல்லலாம். அதனால்தான் ஒரு குற்றவாளியும் சிக்குவதில்லை. இந்தச் சௌகரியத்தில்தான் கம்பெனி விற்கிறது, அரசு உரிமம் தருகிறது, ஜாக்கிரதையாக இருக்கும் வேலை மட்டும் கூலிக்காரி தலையில் விழுகிறது.

ஆகவே கையேட்டுக்காரர்களே, மேன்கோசெப்புக்குப் பதில் விவசாயி எதை அடிப்பார், அதற்கு மானியம் எவ்வளவு, கப் ஆலைக்கு எப்போது பூட்டு, கேனுக்கு எப்போது புட்டியின் சட்டம்? நான்குக்கும் தேதி போட்டுப் பதில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதுவரை எங்கள் ஹார்மோனைப் பற்றி எங்களுக்கே பாடம் நடத்த வேண்டாம்.