வேலணையில் கார் ஓடுதல்: கிளச் பற்றிய ஓர் அகத்திணை ஆய்வு

தமிழ்நாட்டில் ஒருவர் காரை ஓட்டுகிறார். யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணையில் அவர் கார் ஓடுகிறார். "தம்பி கார் ஓடப் பழகுறான்", "அவர் முந்தி லொறி ஓடினவர்" என்பதுதான் இங்கே பேச்சு. இது பிழை என்று சென்னை நண்பர் ஒருவர் என்னோடு அரைமணி நேரம் மல்லுக்கு நின்றார். ஓடுவது கார், ஓட்டுவது மனிதன். தன்வினைக்கும் பிறவினைக்கும் வேறுபாடு தெரியாத ஊரா உங்களுடையது என்று கேட்டார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் தோன்றக் காரணமாயிருந்த தனிநாயகம் அடிகள் பிறந்த கரம்பொன் இதே தீவில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு இந்தக் கேள்விக்கு வாய்மூடி இருக்க முடியாது. ஆகவே இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வாகனம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். அதாவது என் குஞ்சியப்புவின் மொறிஸ் மைனர். சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் வெளிவந்தது; 1956இல் 948 சி.சி. என்ஜினைப் பெற்றது. இரண்டு வருடம் கழித்து மொண்ரே கார்லோவில் ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிறைற் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரை அறிமுகப்படுத்தினார்கள். தவளை முழி விளக்குகளோடு வெள்ளைக்காரப் பையன்களின் தூக்கத்தைக் கெடுத்த அந்தக் காரின் மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது மைனரின் என்ஜின் குடும்பம். கியர்பெட்டியும் அதே இனம். முன்சில்லுகளைத் திருப்பும் ஸ்ரேரிங் பற்சட்டம் மைனரிலிருந்தே போனது. ஆகவே குஞ்சியப்புவின் கார், நாலு பேரும் ஒரு மூட்டை வெங்காயமும் ஏறக்கூடிய, கூரை போட்ட ஸ்பிறைற். அது கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பதும், உப்புக்காற்று அதன் கதவின் கீழ்விளிம்பைத் தின்றிருப்பதும் இந்த முடிவைப் பாதிக்கா.

இனிக் கோட்பாடு. என்ஜின் தலைவன், ஓயாமல் சுற்றுபவன், தன் வேகத்தில் தானே மயங்குபவன். சில்லு தலைவி, மண்ணோடு இருப்பவள், அவளுக்கென்று ஒரு நடை உண்டு. இருவரையும் நேரே சேர்த்தால் இருவருக்கும் காயம். இடையில் நின்று சேர்த்தும் பிரித்தும் வைக்கும் தோழிதான் கிளச். மிதியை அழுத்தினால் பிரிதல். மெல்ல விட்டால் புணர்தல். கியர் எதிலும் விழாமல் சும்மா நிற்பது இருத்தல். பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக் கறகறப்பது ஊடல். அது பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். ஐந்தாவது உரிப்பொருளுக்கு நாம் எங்கும் தேடி அலைய வேண்டியதில்லை. வேலணை கடல் சூழ்ந்த ஊர், ஆகவே நெய்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பண்ணைப் பாலத்தின் நடுவில், இரு பக்கமும் தண்ணீர், கார் குலுங்கி நின்றுவிட்டது, பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. அந்த நிலையில் சாரதியின் வாயிலிருந்து வருவதை வேறென்னவென்று வகைப்படுத்துவது?

தோழியின் திறமை எங்கே தெரியும் என்றால், இரண்டாம் கியரிலிருந்து முதலாம் கியருக்கு இறங்கும்போது தெரியும். வேகம் வேறுபட்ட பற்சக்கரங்களைச் சமப்படுத்தும் பொறியைக் கடிலாக் கார்கள் 1928இலேயே கொண்டுவந்துவிட்டன. மைனரிலும் மற்ற கியர்களுக்கு அது உண்டு. முதலாம் கியருக்கு மட்டும் இல்லை. ஸ்பிறைற்றுக்கும் இதே கதிதான். ஓடிக்கொண்டிருக்கும்போது முதலாம் கியருக்கு வரவேண்டுமானால் தோழி இருமுறை தூது போகவேண்டும். கிளச்சை அழுத்திக் கியரை நடுவுக்கு எடு, கிளச்சை விடு, அக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டி, உள்ளே சுற்றும் பற்சக்கரத்தின் வேகத்தை ஏற்று, மறுபடி அழுத்து, இப்போது தள்ளு. சரியாகச் செய்தால் சுடுகத்தி வெண்ணெய்க்குள் போவதுபோலக் கியர் இறங்கும். பிழைத்தால் மேலே சொன்ன ஊடல். புத்தகங்கள் இதை ஒரு பக்கத்துக்கு விளக்கும். குஞ்சியப்பு விளக்கியது இவ்வளவுதான்: "மோனை, கிளச்ச டக்கெண்டு விடாத. கிணத்துக்குள்ள வாளி இறக்குற மாதிரி விடு. வாளி தண்ணியத் தொட்ட உடன கையில தெரியுமெல்லே? தெரியிற இடத்தில கொஞ்சம் நில்லு."

கிளச் பற்றி நான் அறிந்த வரைவிலக்கணங்களில் இதைவிடத் துல்லியமானது இல்லை. துலாவும் கப்பியும் போய் மோட்டர் வந்தபிறகு பிறந்தவர்களுக்கு இது விளங்காது என்பது மட்டுமே குறை.

புவியியல் பற்றி ஒரு சொல். மலையேற்றத்தில் காரை நிறுத்தி மீண்டும் எடுப்பது பயிற்சியின் உச்சம் என்பார்கள். வேலணையில் மலை இல்லை. மண்கும்பானில் மணல்மேடு உண்டு; அதில் கார் ஏறாது, புதையும். ஆனால் மலை தராததை ஒழுங்கை தரும். இரு பக்கமும் வேலி, நடுவில் படுத்திருக்கும் மாடு, எதிரே சைக்கிளில் ஒரு கட்டுப் புகையிலையோடு வரும் பெரியவர். அவர் இறங்கமாட்டார். மாடு எழும்பாது. ஆகவே அரைக் கிளச்சில் ஊர்ந்து ஊர்ந்து நகரவேண்டும். சாதாரண வேலணைக்காரன் ஒரு காலையில் செய்யும் அரைக் கிளச் வேலையைக் கண்டிக்காரன் ஒரு மாதத்திலும் செய்யமாட்டான் என்பது என் கருத்து. பிறகு காற்று. சோளகம் பெயர்ந்த காலத்தில் புங்குடுதீவுக்குப் போகும் வாணர் பாலத்தில் காற்று குறுக்கே அடிக்கும். ஸ்ரேரிங் நேரே இருக்கும், கார் கடலைப் பார்க்கும். கடைசியாக, பரீட்சகர் குழு. மதகில் குந்தியிருக்கும் நாலைந்து பேர். ஒருவரிடமும் லைசென்ஸ் இருக்காது. கியர் கடித்த சத்தத்தை வைத்தே எந்தக் கியர், யாருடைய கார், ஓடுவது யாருடைய மகன் என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால் குஞ்சியப்புவின் காதைத் தீட்டியது ஒழுங்கையல்ல, மண்ணெண்ணெய். 1990களில், போரின் பொருளாதாரத் தடைக்காலத்தில், தீவிலிருந்து இடம்பெயர்ந்து குடாநாட்டுக்குள் இருந்தபோது, அவர் வாடகைக் கார் ஓடினார். பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருள். கண்டெடுத்தால் மருந்துப் போத்தலில் அளந்து வைத்துக்கொள்வது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பின்னால் வெள்ளைப் புகை வரும், சீமெண்ணெய் விளக்கு மணக்கும், கார் எப்படியோ போகும். என்ஜின் நின்றால் மறுபடி பெற்றோல் துளி. அதாவது கிளச்சைக் கொஞ்சம் முந்தி விட்ட குற்றத்துக்கு அபராதம், கையிலிருந்த தங்கத்தில் ஒரு சொட்டு. போதாததற்கு, மண்ணெண்ணெய் பாரம் தாங்காது. மேல்கியரில் என்ஜினை முக்கவிட்டால் உள்ளே சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் வரும். அந்தத் தட்டு வருவதற்கு ஒரு மூச்சு முந்தியே கியரைக் குறைக்கவேண்டும். வேகமானியைப் பார்த்துக் கியர் மாற்றுபவர்களைக் கண்டால் குஞ்சியப்புவுக்கு இன்றும் இரக்கம்தான். "கண்ணால ஓடுறாங்கள்" என்பார். பந்தயக்காரர்கள் பல வருடம் பழகிப் பெறும் காதை அவர் புகைக்குள் இருந்து பெற்றார். நல்ல வழி என்று சொல்லவரவில்லை.

கோட்பாட்டைச் சோதிக்க ஒரு பரிசோதனையும் நடந்தது. கோயில் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து என் மருமகன் வந்திருந்தான். வயது இருபத்திரண்டு. அங்கே அவன் ஓடுவது தானே கியர் மாற்றும் கார். அவனுடைய இடக்கால் பிறந்த நாளிலிருந்து விடுமுறையில் இருக்கிறது. "மாமா, ஸ்போர்ட்ஸ் கார் எண்டால் மனுவல்தான் ஓடவேணும்" என்று ஆசைப்பட்டான். கோழிக்கூட்டடியில் நின்றதைக் காட்டினேன். முதல் நாள் வாளி ஒருதரமும் தண்ணியைத் தொடவில்லை, நேரே அடியில் போய் மோதியது. இரண்டாம் நாள் ஒழுங்கையைத் தாண்டினான். மாட்டுக்குக் காயமில்லை. மூன்றாம் நாள் வங்களாவடிச் சந்திக்குச் சற்று முன்னால், அவனாகவே கிளச்சை இருமுறை அழுத்தி, நடுவில் ஒரு தட்டுத் தட்டி, முதலாம் கியரைச் சத்தமில்லாமல் விழுத்தினான். குஞ்சியப்பு திரும்பி என்னைப் பார்த்தார். அந்த மகிழ்ச்சியில் பையன் காலை எடுத்துவிட்டான். கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பெற்றறியும் அன்றைக்கென்று செத்திருந்தது.

குஞ்சியப்பு ஸ்ரேரிங்குக்கு மாறினார். இரண்டாம் கியர், கிளச் அழுத்தியபடி. நானும் மருமகனும் பின்னால் தள்ளினோம். இருபது அடியில் கிளச்சை விட்டார்; பற்றிக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி நின்றுவிடும் என்று அவர் நிறுத்தவில்லை. எனக்கு முழங்கால் நோவு, அங்கேயே நின்றுவிட்டேன். மருமகன் மட்டும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, திறந்து ஆடிய கதவைப் பிடிக்கக் காருக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

மதகிலிருந்து ஒரு குரல் கேட்டது. "என்ன தம்பி, கார் ஓடப் பழகுறியோ?"