பாதிரி, பாதரசம், பஞ்சாங்கம்

1659-ஆம் ஆண்டு ஜனவரியில் நடு இங்கிலாந்தின் சராசரி வெப்பம் 3 டிகிரி செல்சியஸ். பிப்ரவரி 4. மார்ச் 6. ஏப்ரல் 7. மே 11. டிசம்பர் வரைக்கும் பார்த்துவிட்டேன், ஒரு தசமப் புள்ளிகூட இல்லை. எல்லாம் முழுசு முழுசாக. இத்தனைக்கும் செல்சியஸ் என்கிற மனிதர் பிறப்பதற்கே இன்னும் நாற்பத்திரண்டு வருஷம் பாக்கி இருக்கிறது.

இந்த எண்களைப் போட்டவர் கார்டன் மேன்லி என்ற புவியியல் பேராசிரியர். போட்டது 1974-இல். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஜனவரிக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து மார்க் போட்டிருக்கிறார். புள்ளி வைக்காததுதான் அவருடைய யோக்கியதை. 'என்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும், அதற்கு மேல் கேட்டால் பொய்தான் சொல்ல வேண்டும்' என்று அர்த்தம். 1671 வாக்கில் அரை டிகிரி வரைக்கும் துணிகிறார். 1722-இன் கடைசியிலிருந்துதான் புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் இடைவிடாமல் எழுதக் கை வருகிறது.

வெப்பமானியை வைத்து மாதா மாதம் தொடர்ந்து கணக்கு சொல்லும் பட்டியல்களில் உலகத்திலேயே நீளமானது இதுதான். வடக்கே லங்காஷயர், தெற்கே லண்டன், மேற்கே பிரிஸ்டல் என்று ஒரு முக்கோணம். அதற்குள் அடங்கியதுதான் 'நடு இங்கிலாந்து'. இந்த வெப்பத்தை அந்த முக்கோணத்தில் எந்த ஊர்க்காரரும் தன் வாசலில் அளந்ததில்லை. பல ஊர்க் குளிரைக் கலந்து காய்ச்சி வடித்தது.

கலக்குவதற்குச் சரக்கு எங்கிருந்து வந்தது? பாதிரியார்களிடமிருந்து. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்தால் அடுத்த பிரசங்கத்துக்கு ஆறு நாள் இருக்கிறது. கிராமத்தில் அந்த ஆறு நாளை என்ன செய்வது? அப்மின்ஸ்டர் பாதிரியார் வில்லியம் டெரம் மழையை அளந்தார், காற்றழுத்தம் குறித்தார். அதுவும் போதாமல் மாதா கோயில் கோபுரத்தில் ஏறி, தூரத்தில் துப்பாக்கி சுடச் சொல்லி, வெளிச்சம் தெரிந்ததற்கும் சத்தம் கேட்டதற்கும் நடுவில் எத்தனை நொடி என்று எண்ணி, ஒலியின் வேகத்தைக் கண்டுபிடித்தார். பாவமன்னிப்புக் கேட்க வந்தவர்கள் கீழே காத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

பாதிரிகளை விட்டால் பண்ணையார்கள். ரட்லண்டில் லிண்டன் என்கிற ஊரில் தாமஸ் பார்க்கர் 1730-களில் பதிவேட்டைத் திறந்தார், பையன் வயசில். 1798 வரைக்கும் மூடவில்லை. குழந்தை முதலே சுத்த சைவம் வேறு. மாட்டிறைச்சி தேசத்தில் அது வானிலையைவிடப் பெரிய அதிசயம். தத்துவவாதிகளும் விட்டுவைக்கவில்லை. ஜான் லாக் அரசாங்கம் எப்படி இருக்க வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்வதற்கு முன்னால், 1666 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் வெளியே எப்படி இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தார்.

இவர்களுக்கெல்லாம் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று ராயல் சொசைட்டிக்குத் தோன்றியது. 1723-இல் அதன் செயலாளர் ஜேம்ஸ் ஜூரின் ஓர் அழைப்பு விடுத்தார். லத்தீனில். எல்லோரும் ஒரே மாதிரி அளப்போம், ஒரே மாதிரி எழுதுவோம் என்பது சாரம். நல்ல யோசனை. ஆனால் வெப்பமானியை எங்கே வைப்பது? வடக்குப் பார்த்த அறையில், கணப்பு அனேகமாக மூட்டாத அறையாகப் பார்த்து வையுங்கள் என்றார்.

ஆம், வீட்டுக்குள்ளே. வெளியில் எவ்வளவு குளிர் என்று தெரிய வேண்டுமென்றால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நாலு கல்சுவருக்குள் ராத்திரிக் குளிரும் முழுசாக வராது, பகல் வெயிலும் முழுசாக எட்டாது. வெளியே பனி உருகி மறுநாள் ஆன பிறகும் அறை விறைத்துக்கொண்டு நிற்கும். 'அனேகமாக' என்ற வார்த்தை வேறு. மாமியார் வந்து தங்கிய வாரம் அந்த அறையில் கணப்பு மூட்டினார்களா இல்லையா என்று எந்தப் பதிவேட்டிலும் குறிப்பு வைக்கவில்லை. இந்த அறைகளின் சுணக்கத்தையெல்லாம் மாதவாரியாக மதிப்பிட்டுத்தான் மேன்லி வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

ஜூரின் சிபாரிசு செய்த கருவி அதற்கும் மேலே. ஹாக்ஸ்பீ என்பவர் செய்த சாராய வெப்பமானி. உச்சியில் பூஜ்யம், அதன் பேர் 'அதிவெப்பம்'. கீழே போகப்போக எண் ஏறும். தண்ணீர் உறைவது 65-இல். ஆக ஜனவரியில் பெரிய எண், ஜூலையில் சின்ன எண். அந்தக் காலத்தில் தலைகீழாக நிற்பது ஒரு நாகரிகம் போலிருக்கிறது. செல்சியஸும் 1742-இல் கொதிநிலைக்குப் பூஜ்யமும் உறைநிலைக்கு நூறும் கொடுத்தவர்தான். அவர் இறந்தபின் மற்றவர்கள் சத்தம் போடாமல் திருப்பி வைத்தார்கள். பழைய பதிவுகளைத் 'தொடவே கூடாது, திருத்தினால் மோசடி' என்று இன்று கொடி பிடிப்பவர்களை ஒரு ஹாக்ஸ்பீ கணக்கை அப்படியே வரைபடமாகப் போடச் சொல்ல வேண்டும். பொங்கல் சமயத்தில் லண்டன்காரன் பனியனோடு அலைவான்.

சரி, எண் கிடைத்துவிட்டது. தேதி? அது தனிக் கூத்து. ஐரோப்பாவில் பாதிக்கு மேல் போப்பாண்டவர் திருத்திய பஞ்சாங்கத்துக்கு மாறி வெகுகாலம் ஆன பிறகும், போப் சொன்னார் என்கிற ஒரே காரணத்துக்காக இங்கிலாந்து மாறவில்லை. கடைசியில் 1752-இல் இறங்கி வந்தார்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி படுத்தவர்கள் 14-ஆம் தேதி எழுந்தார்கள். அந்த மாதச் சராசரியை முப்பதால் வகுப்பதா, பத்தொன்பதால் வகுப்பதா? அதற்கு முந்தைய எல்லா டைரிகளிலும் 'ஜனவரி' என்று எழுதியிருப்பது நம் கணக்கில் ஜனவரி 11-ஐ ஒட்டித் தொடங்கி பிப்ரவரிக்குள் காலை நீட்டும். போதாததற்குப் புது வருஷம் மார்ச் 25-இல்தான் பிறக்கும். தேம்ஸ் நதி உறைந்து, அதன்மேல் கடைத்தெருவே போட்ட அந்த மகா குளிர் மாதத்தை டைரிக்காரர் 'ஜனவரி 1683' என்பார்; நமக்கு அது 1684. வருஷம் மாற்றிக் குளிர் சேர்ந்துவிட்டால் மேன்லியின் பெயர் கெட்டுப்போகும். மனிதர் மாதம் மாதமாக உட்கார்ந்து நகர்த்தினார்.

இதிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது 1707 முதல் 1722 வரையான பகுதி. அந்த வருஷங்களுக்கு உள்ளூரில் சரியான அளவு சிக்கவில்லை. மேன்லி கடலைத் தாண்டி ஹாலந்துக்குப் போய், யூட்ரெக்ட் ஊர் வெப்பக் கணக்கை வாங்கிவந்து இடைவெளியை அடைத்தார். டச்சுக் குளிருக்கும் இங்கிலாந்துக் குளிருக்கும் வழக்கமாக எவ்வளவு வித்தியாசம் என்று பிற்கால வருஷங்களில் பார்த்துவிட்டு, அதைக் கூட்டிக் கழித்துத்தான். இருந்தாலும், பதினாறு வருஷம் நடு இங்கிலாந்து ஹாலந்தில் இருந்திருக்கிறது.

வேலையின் சூட்சுமமும் அதுதான். ஒரு பாதிரி செத்துப் பதிவு நிற்கும். அதற்குச் சில வருஷம் முன்பே அடுத்த ஊரில் ஒரு வைத்தியர் எழுதத் தொடங்கியிருப்பார். இருவரும் சேர்ந்து எழுதிய வருஷங்களை எடுத்து, ஜனவரிக்கு இவ்வளவு வித்தியாசம், ஜூலைக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கண்டுபிடித்து, அதை வைத்து ஒருவர் வாலில் அடுத்தவர் தலையைக் கட்ட வேண்டும். காலை எட்டு மணிக்குப் பார்த்தவர் கணக்கு வேறு, மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தவர் கணக்கு வேறு. 1780-களில் ஜேம்ஸ் சிக்ஸ் என்பவர் உச்சத்தையும் நீச்சத்தையும் தானே குறித்துவைக்கும் வெப்பமானி செய்யும்வரை, ராத்திரியின் கடைசிக் குளிரைப் பிடிக்க விடியலுக்கு முன் எழுந்து வரவேண்டும். எத்தனை பேர் போர்வையை உதறியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1860-களில் வெப்பமானிக்கென்று ஒரு வீடு கிடைத்தது: வெள்ளையடித்த, ஜன்னல் சட்டம் போலச் சாய்பலகை வைத்த மரப்பெட்டி. செய்தவர் தாமஸ் ஸ்டீவன்சன், கலங்கரை விளக்கப் பொறியாளர். பையன் பின்னால் 'புதையல் தீவு' எழுதி அப்பாவின் பெட்டியை மறக்கடித்தான். பெட்டி வந்ததும் பழைய திறந்த ஸ்டாண்டுகள் கோடையில் கொஞ்சம் மிகையாகவே காட்டி வந்தது வெளிப்பட்டது. ஆகவே அதற்கும் ஒரு திருத்தம். ஊர் பெருத்து, சிமெண்ட் சூடு ஏறியதற்காக 1974-க்குப் பிந்தைய எண்களிலிருந்து 0.1 முதல் 0.3 டிகிரி வரை கழித்தார்கள். பூமி சுடுகிறது என்று காட்டத்தான் எண்களை ஏற்றுகிறார்கள் என்பவர்கள் இந்தக் கழித்தலை மட்டும் பார்ப்பதில்லை.

மேன்லி நாற்காலியை விட்டு அசையாதவர் என்று நினைக்க வேண்டாம். 1930-களின் கடைசியில் கிரேட் டன் ஃபெல் என்ற 848 மீட்டர் மலையுச்சியில் ஒரு குடிசை போட்டு, அங்கே அடிக்கும் பேய்க்காற்றில் தானே ஏறிப்போய் அளந்தவர்.

எண்ணைச் சந்தேகப்படுவதற்கும் ஒரு முறை உண்டு. அதில் கெட்டிக்காரர் ஹாம்ப்ஷயர் பாதிரி கில்பர்ட் வைட். நம் சைவப் பண்ணையார் பார்க்கருக்கு மைத்துனர். 1784 டிசம்பரில் செல்போர்ன் கிராமத்தில் இரண்டு வெப்பமானிகளை வெளியே தொங்கவிட்டார். ஒன்றுக்கு ஃபாரன்ஹீட் 4-க்குக் கீழே கோடே கிடையாது. குளிர் உச்சத்துக்குப் போன நேரம் பார்த்துப் பாதரசம் பித்தளை உறைக்குள் போய் ஒளிந்துகொண்டது. மற்றொன்று பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. அறுபது மீட்டருக்கு மேல் உயரத்தில் நியூட்டன் என்கிற பக்கத்துக் கிராமத்தில் இன்னும் கடுமையாக இருக்க வேண்டுமே என்று ஆவலோடு அங்கிருந்த நண்பருக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது: மேலே 17 டிகிரி, மறுநாள் காலை 22. கீழே வைட்டிடம் அப்போது வெறும் 10.

நண்பரின் கருவியில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, எண்ணில் பத்தைக் கழித்திருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? வைட் தன் வெப்பமானி ஒன்றை மேலே அனுப்பி, நண்பருடையதன் பக்கத்திலேயே மாட்டச் சொன்னார். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக ஓடின. காற்று அசையாத தெளிந்த ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் போய்த் தேங்கும் என்பதால், மேடு நிஜமாகவே கதகதப்பாக இருந்திருக்கிறது. வைட் ஆசையாக வளர்த்த லாரல் வேலி அந்த வாரத்தில் கருகிப்போனது. நியூட்டனில் அதே செடிகளில் ஓர் இலைகூட உதிரவில்லை.