வெல்க்ரோ பண்பாடு

நான் தினமும் வேட்டி கட்டுகிறவன். இப்போதெல்லாம் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. பேருந்தில் ஏறினால் "எந்தக் கட்சி சார்?" என்று நடத்துநர் கேட்கிறார். வங்கிக்குப் போனால் "வீட்ல விசேஷமா?" என்கிறார்கள். கட்சிக் கரை இல்லாமல், கல்யாணமும் இல்லாமல், சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமையில் ஒருவன் வேட்டியோடு நடமாடினால் சென்னைக்கு அவன் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது.

ஆனால் அதே சென்னையில் யாராவது மைக்கைப் பிடித்துத் தமிழ்ப் பண்பாடு என்று ஆரம்பித்தால், முதலில் கொடி ஏறுவது இந்த வேட்டிதான்.

2014 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழா. அழைப்பின் பேரில் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருந்தார் என்று வாசலிலேயே மறித்துவிட்டார்கள். வெள்ளைக்காரன் 1947-லேயே கப்பலேறிப் போய்விட்டான். அவன் கழற்றிப் போட்ட பூட்சுக்கு இன்னும் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நம் ஊர்க் கனவான்கள். சித்திரை வெயிலில் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வேர்த்து வழிந்தால்தான் அவர்களுக்கு நாகரிகம்.

சட்டமன்றம் கொதித்தது. காவிரிக்குக்கூட ஒன்றாக உட்கார மறுக்கும் கட்சிகள் வேட்டிக்கு ஒரே குரலில் முழங்கின. ஆகஸ்டிலேயே சட்டம் வந்துவிட்டது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், மன்றத்தின் உரிமமும் போகும். நானும் கைதட்டினேன். ஒரே மாதத்தில் சட்டம் போட முடிகிற அரசாங்கம் நமக்கு இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது.

சட்டம் வந்து ஒன்பதாவது வருஷம், 2023 மார்ச்சில், சென்னையில் ஒரு திரையரங்கின் வாசலில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று கையில் டிக்கெட்டோடு நின்றது. உள்ளே விடவில்லை. காணொளி ஊரெல்லாம் பரவிய பிறகுதான் கதவு திறந்தது. குழந்தைகள் வயது, படத்தின் சான்றிதழ் என்று பிற்பாடு ஒரு விளக்கம் வந்தது. அந்த விளக்கத்தை நம்புகிறவர்கள் பாக்கியசாலிகள். நம் மானம் துணியில் இருக்கிறது. அதைக் கட்டியிருக்கும் ஆள் யார் என்பதைப் பொறுத்துத்தான் அது பொங்கவும் செய்கிறது, தூங்கவும் செய்கிறது.

அதே சேப்பாக்கத்தில் இன்று ஐபிஎல் நடக்கிறது. விளம்பரப் படத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் வேட்டியை மடித்துக் கட்டி "வணக்கம்" என்றால் நமக்குக் கண் கலங்குகிறது. ஏலத்தில் வந்தவர், அடுத்த ஏலத்தில் வேறு ஊர் எடுத்தால் அங்கே தலைப்பாகை கட்டுவார். அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவர் வாங்கிய காசுக்கு நடிக்கிறார். நாம் காசு கொடுத்து அழுகிறோம். 2017-ல் மெரினாவில் காளைக்காகத் திரண்டபோது வெளிநாட்டுக் குளிர்பானத்தைத் தொடமாட்டோம் என்று சபதம் செய்தோமே, அந்தச் சபதம் இப்போது எந்தக் கடை ஃபிரிட்ஜில் இருக்கிறது?

கல்யாண வீட்டுக்கு வாருங்கள். முதல் நாள் ஹல்தி, மெஹந்தி, சங்கீத். அத்தைகளும் சித்திகளும் இந்திப் பாட்டுக்கு ஒரு மாதமாக ஒத்திகை பார்த்து ஆடுகிறார்கள். மாப்பிள்ளைக்கு வரவேற்பில் ஷெர்வானி. மறுநாள் முகூர்த்தத்துக்கு மட்டும் தமிழன் ஆக வேண்டுமே, அதற்கு இருக்கிறது வெல்க்ரோ வேட்டி. சர்ரென்று ஒட்டிக்கொள்ளலாம், பக்கத்தில் பாக்கெட்டும் உண்டு. தாலி கட்டிய பிறகு சர்ரென்று பிரித்துவிட்டால் பண்பாடு முடிந்தது. சாஸ்திரிகளோ கேமராக்காரரின் உத்தரவுக்குக் காத்திருக்கிறார். "ஒன்ஸ் மோர்" என்று அவர் சொன்னால் மந்திரம் மறுபடி ஓடுகிறது.

இந்த வெல்க்ரோ அரசியலில்தான் நன்றாக ஒட்டுகிறது. பிரதமர் மோடி 2015 ஆகஸ்ட் 7 அன்று முதல் தேசியக் கைத்தறி தினத்தைத் தொடங்கி வைத்தது இதே சென்னையில்தான். 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் சீன அதிபரை வேட்டி கட்டி வரவேற்றார், ஊரே பூரித்தது. 2020 ஜூலையில் அவருடைய அரசு அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்துப் போட்டது. இரண்டு வாரம் ஆவதற்குள் அடுத்த கைத்தறி தினம் வந்தது. வாழ்த்துச் செய்திக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

இங்கிருக்கும் திராவிடச் சிங்கங்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். ஏழைக்கு உடுப்பும் நெசவாளிக்கு வேலையும் என்று 1983-ல் எம்.ஜி.ஆர். தொடங்கியது பொங்கல் வேட்டி சேலைத் திட்டம். இன்று அதில் பெரும்பகுதி விசைத்தறித் துணி. பொங்கல் கழிந்து கரும்புச் சக்கையைக் கொட்டிய பிறகும் ரேஷன் கடைக்கு வேட்டி வந்து சேராத வருஷங்கள் உண்டு. சில வகைக் கரை வேட்டிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985-லேயே மத்தியச் சட்டம் இருக்கிறது. மீறினால் தண்டனையும் உண்டு. மேடையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கரைவேட்டிகளே, உங்கள் இடுப்பில் இருக்கும் கரை எந்தத் தறியில் ஓடியது என்று ஒரு நாளாவது கேட்டதுண்டா?

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பைப் புரட்டுங்கள். நாட்டிலுள்ள நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. ஆணும் பெண்ணும் சேர்ந்து குழித்தறியில் காலும் கையும் ஓய நெய்து, பாவு பிணைத்து, ஒரு குடும்பமே வாங்குகிற கூலி அது. கிளப்பில் ஒரு சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்து எழுந்தால் வரும் பில்லும் அவ்வளவுதான். இந்தக் கூலிக்காக எந்தக் கட்சி எந்த மன்றத்தில் ஒரு மாதத்துக்குள் சட்டம் கொண்டுவந்தது? நூலுக்கு ஜிஎஸ்டி போட்டபோது எந்த மெரினாவில் யார் திரண்டார்கள்? தறிக்காரன் மகன் தறியை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சாப்பாட்டு டெலிவரிக்கு ஓடுகிறான். அவன் போட்டிருப்பது கம்பெனி டி-ஷர்ட். அவனைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் "இந்தக் காலத்துப் பசங்களுக்கு வேட்டி கட்டத் தெரியலை" என்று அங்கலாய்க்கிறார்கள்.

ஜனவரி 6 வேட்டி தினமாம். கோ-ஆப்டெக்ஸ் நல்ல எண்ணத்தில் தொடங்கியது. அலுவலகங்கள் அதை மாறுவேடப் போட்டி ஆக்கிவிட்டன. கண்ணாடிக் கட்டடத்தில் வரிசையாக நின்று படம் எடுத்து, மத்தியானத்துக்குள் ஜீன்ஸுக்கு மாறிவிடுகிறார்கள்.

அடுத்த ஜனவரியில் படத்துக்கு நிற்பதற்கு முன் கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இது கைத்தறியா, எந்தச் சங்கத்தில் நெய்தது? பதில் சொல்லத் திணறுகிற கடையை விட்டு இறங்கிவிடுங்கள். கைத்தறி கொஞ்சம் விலை கூடத்தான் இருக்கும். கல்யாண மண்டபத்தில் ட்ரோன் கேமராக்காரர் கேட்டதை மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தவர்கள், நெசவாளியிடம் வந்து பேரம் பேசாதீர்கள்.