வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே வான்வழி: தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள பகை

தூரம் குறைந்தால் பயண நேரமும் அதே அளவில் குறையும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. வான்வழியில் அது செல்லாது என்பதே இவ்வாய்வின் துணிபு. முதற்சான்று ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் கிடைக்கிறது. அங்கே வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்னும் இரு தீவுகளின் விமானத் தளங்களுக்கு இடையே 2.7 கிலோமீட்டர். 1967 முதல் லோகன்ஏர் நிறுவனம் இதில் சிறு விமானம் விடுகிறது. உலகின் மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை இதுவே. தரையில் ஊர்வதையும் சேர்த்து 2 நிமிடம் என்பார்கள். காற்று துணைநின்றால் இன்னும் குறையும். ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற விமானி 53 விநாடியில் கடந்திருக்கிறார். இருக்கை வாரைப் பூட்டி, சரியாகப் பூட்டினோமா என்று ஒருமுறை ஐயப்படுவதற்குள் ஊர் வந்துவிடும்.

இனிக் கணக்கு. 53 விநாடிக்கு மணிக்கு 183 கி.மீ. வேகம் வருகிறது. 2 நிமிடத்துக்கு 81 கி.மீ.தான், நெடுஞ்சாலையில் நம் விரைவுப் பேருந்து ஓட்டுநர் இதை வேகம் என்றே ஒப்பமாட்டார். மீதி நேரத்தைத் தின்றவை ஓடுபாதையில் ஊர்வதும், காற்றுக்கு முகம் கொடுத்துத் திரும்புவதும், இறங்கி நிற்பதும். ஏறி இறங்கும் இச்சடங்குகளுக்குத் தூரம் ஒரு பொருட்டே அன்று. நெடும்பயணத்தில் இவை மறைந்துகிடக்கும். தூரம் சுருங்கச் சுருங்க வெளியே தலைகாட்டும். ஒரே வழியை வைத்து விதி செய்யலாமோ எனின், இரண்டாம் சான்றும் உண்டு. போடன் ஏரிக்கரையில் சுவிட்சர்லாந்தின் ஆல்டன்ரைனுக்கும் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்கும் இடையே சுமார் 20 கி.மீ.; 2016 நவம்பரில் தொடங்கிய விமானம் இதற்கு 8 நிமிடம் எடுத்தது. அதாவது மணிக்கு 150 கி.மீ. பறந்ததோ ஜெட் விமானம்! லிங்க்லேட்டரின் விசிறி விமானத்திடம் ஜெட் தோற்றதை வேறெந்தக் கோட்பாட்டால் விளக்குவது?

அற்றேல், எடின்பரோ விமான நிலைய ஓடுபாதையின் நீளமும் ஏறத்தாழ இதே அளவுதானே, ஓர் ஓடுபாதைக்குள் அடங்குவதைப் பயணம் எனலாமோ எனின், எனலாம், என்னை? ஓடுபாதையின் நடுவே கடல் கிடையாது. படகு இருக்க விமானம் எதற்கு என்பாரும் உளர். படகுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவும் வட கடல் மனம்வைத்தால். பாப்பா வெஸ்ட்ரேயில் வசிப்பவர்கள் நூறு பேருக்குள்தான். ஆயினும் அங்கே 5,000 ஆண்டுக்கு மேற்பட்ட கல்வீடுகள் நிற்கின்றன. அவற்றை ஆராய்வோரும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவோரும் வான்வழியாகவே வந்துபோகிறார்கள். போடன் ஏரியைச் சுற்றி ரயிலும் சாலையும் உண்டு. ஆகவே அந்த ஜெட் 2017 வசந்தத்திலேயே நிறுத்தப்பட்டது. ஆர்க்னியில் பாலம் இல்லை, சேவை நடக்கிறது. வானத்தைப் பார்க்கும் ஆசையில் அங்கே செல்வோர் திரும்பும் சீட்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்க.