டி வாங்கின பேரனுக்கு

வாடா பேராண்டி, உக்காரு. கையில என்ன, முழ உசரக் குவளை? ஏழு வெள்ளியா! பேஷ். பாதிக்கு மேல ஐஸு, மிச்சம் சீனிப்பாகு. பழம் எட்டிப் பாத்துட்டு ஓடிருச்சு போல. பரவால்ல, ஸ்ட்ராவாச்சும் பெருசா குடுத்திருக்கான்.

கோடைக்கு இதமா இருக்குன்னு வேற சொல்ற. சிங்கப்பூர்ல கோடை என்னைக்குடா முடிஞ்சுது, புதுசா வர்றதுக்கு? 1983 ஏப்ரல்ல தெங்காவுல 37 டிகிரி அடிச்சுது. 2023 மே மாசம் அங் மோ கியோவுல அதே 37. நடுவுல நாப்பது வருசமும் வேர்வைதான்.

சரி, அந்தக் குவளையத் திருப்பு. என்ன எழுத்து ஒட்டியிருக்கு? 2022 டிசம்பர் 30லேர்ந்து அடைச்சு விக்கிற பானத்துக்கும், மறு வருசம் அதே தேதியிலேர்ந்து பெரிய கடையில கலக்கிக் குடுக்கிறதுக்கும் அரசாங்கம் மார்க்கு போடுது. நூறு மில்லிக்கு 10 கிராம் சீனியத் தாண்டினா டி. அதுக்குக் கடைக்கு வெளிய விளம்பரமே கூடாது. உங்கப்பன் பள்ளிக்கூடத்துலேர்ந்து டி வாங்கிட்டு வந்தா நான் ரோத்தானத் தேடுவேன். நீ வரிசையில நின்னு, காசையும் குடுத்து டி வாங்கிட்டு வர்ற. படிச்ச புள்ள!

கடைக்காரனக் குத்தம் சொல்லாத. சில்லுன்னு ஆக ஆக நாக்குக்கு இனிப்பு தெரியாது. நீ ஐஸ் கேக்குற, அவன் அதுக்கு ஈடா சீனியக் கொட்டுறான். ஐஸு கரையக் கரையத் தண்ணியாப் போகுதுன்னு இன்னும் கொஞ்சம். ஐஸக் கொற, சீனி தானாக் கொறையும். பழத்த முதல்நாளே பிரிட்ஜுல வச்சுட்டா ஐஸுக்கு என்ன வேலை?

தர்பூசணிய எடுத்துக்க. அதுல நூத்துக்குத் தொண்ணூறு பங்கு தண்ணிதான், அதுக்கு மேல நீ எதுக்கு ஊத்துற? வெதைய எடுத்துட்டுக் கையால மசி, எலுமிச்சை பாதி, ரெண்டு கல்லு உப்பு, நாலு புதினா. உப்பு விழுந்தாலே இனிப்பு எடுத்துக் குடுக்கும். வடிகட்டாத. சக்கையத் தூக்கிப் போட்டுட்டு அப்புறம் நார்ச்சத்து மாத்திரை வாங்குற ஆளு நீ, எனக்குத் தெரியும்.

அன்னாசிக்கும் பாலுக்கும் கல்யாணம் பண்ணி வைக்காத. பழத்துல இருக்கிற புரோமிலைன் பால் புரதத்த அறுத்துப்புடும், கொஞ்ச நேரத்துல சம்பந்தி வீட்டுப் பேச்சு மாதிரி கசந்துரும். பப்பாளிக்கும் அதே குணம். பாலோட அடிச்சியா, நின்ன எடத்துல குடிச்சிரு. ஆபீஸுக்குப் பாட்டில்ல எடுத்துட்டுப் போயி முகஞ்சுளிக்காத.

அந்தச் சின்னக் கலமன்சிக் காயி இருக்கே, அத வெதையோட நசுக்கிப் பிழியாத, கசக்கும். உப்புல ஊறின காஞ்ச பிளம், ‘அசாம் போய்’ம்பாங்களே, அதுல ஒண்ணு போட்டுட்டா உப்பு தனியா வேணாம். சீனி போட்டே தீரணும்னா வெந்நியில கரைச்சு ஊத்து. சில்லுத் தண்ணியில அது அடியிலேயே கெடக்கும், நீ பத்தலன்னு இன்னொரு கரண்டி போடுவ.

மாம்பழமா? சித்திரை வைகாசியில லிட்டில் இந்தியாவுல நம்மூருப் பழம் பெட்டி பெட்டியா வந்து எறங்கும். அத எவனாச்சும் ஜூஸ் போடுவானா? கடிச்சுத் தின்னுடா, முழங்கை வரைக்கும் வழியட்டும்.

போன தீபாவளிக்கு ஒரு ஜூஸ் மிஷின் வாங்கினியே, கழுவச் சோம்பல்பட்டு அலமாரி மேல ஏத்துனியே, அது அங்கேயே நிம்மதியா இருக்கட்டும். இதுக்கெல்லாம் ஒரு கரண்டியும் ரெண்டு கையும் போதும்.

ஞாயித்துக்கெழம காலையில தேக்கா மார்க்கெட்டுக்குப் போவோம். பழம் தட்டிப் பாக்குறது நான், பை தூக்குறது நீ. அப்படியே பக்கத்துல சாப்பாட்டுக் கடைப் பக்கம் திரும்பினா ஆட்டு பிரியாணி. ஏழு வெள்ளி மிச்சம் பிடிச்சுக் குடுத்திருக்கேன்ல, அதுல வாங்கு. பிரியாணித் தட்டுல இன்னும் எழுத்து ஒட்டலையாம்.